ரத்தத்தை ஏற்றுகிறோம், கசிவைத் தேடுகிறோமா?

“எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு; ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.” ரத்தசோகையோடு மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவரின் குரலில் பாதி நிம்மதியும் பாதி குழப்பமும் இருக்கும். ஒன்றும் இல்லை என்றால் ஹீமோகுளோபின் ஏன் திரும்பத் திரும்ப ஆறுக்கும் ஏழுக்கும் இறங்குகிறது? சில மாதங்களுக்கு ஒருமுறை ஏன் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது? இதற்கு யாரும் தெளிவான பதில் சொல்வதில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் ‘நல்லா சாப்பிடுங்க’ என்கிற அறிவுரையும்தான் கிடைக்கின்றன.

‘எல்லாம்’ பார்த்தாயிற்று என்பதில்தான் சிக்கல். வாய் வழியே செலுத்தும் எண்டோஸ்கோப், உணவுக்குழாயையும் இரைப்பையையும் கடந்து முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிவரை போகும். ஆசனவாய் வழியே செலுத்தும் கொலோனோஸ்கோப், பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டுச் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரை மட்டும் எட்டிப் பார்த்துத் திரும்பும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 6 மீட்டர் நீளத்துக்குச் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. அதை அந்தக் கருவிகள் எட்டவே இல்லை. பார்த்த இடத்தில் பிரச்சினை இல்லை என்று மட்டுமே அந்த அறிக்கை சொல்கிறது.

எஞ்சிய 6 மீட்டரையும் பார்க்கும் வழி கிடைத்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. விழுங்கும் கேமராவும் பலூன் எண்டோஸ்கோப்பியும் 2001ஐ ஒட்டி மருத்துவ உலகுக்கு வந்துவிட்டன. இந்தியாவின் பெருநகர மருத்துவமனைகளில் இன்று இரண்டும் உண்டு. ஆனாலும், காரணம் தெரியாமல் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கும் நோயாளிகள் குறைந்தபாடில்லை. கருவியைவிட, கசிவைத் தேடியே தீர வேண்டும் என்கிற பழக்கத்துக்குத்தான் நம்மிடம் பஞ்சம்.

கண்ணில் படாத கசிவு: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து நம் உடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்வரைதான். குடலில் ஓர் இடத்தில் தினமும் 10 மி.லி. ரத்தம் கசிந்தால் 5 மி.கி. இரும்பு போய்விடும். எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் இந்தக் கணக்கு நேராகாது. மலம் கறுத்துப் பிசுபிசுப்பாக வெளியேற வேண்டுமானால் 50 மி.லி.க்கு மேல் ரத்தம் கலந்திருக்க வேண்டும். ஆகவே, 10 மி.லி. கசிவு கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலே மலம் கறுக்கும் என்பதால், உண்மையான ரத்தக்கசிவும் ‘மாத்திரையால்தான்’ என்று ஒதுக்கப்படுகிறது.

குடல் பாதையில் ஏற்படும் ரத்தக்கசிவுகளில் 5 முதல் 10% சிறுகுடலில் நிகழ்பவை. விகிதம் சிறிதுதான். ஆனால், நீண்ட காலம் அலைக்கழிக்கப்படுபவர்கள் இவர்கள்தான். காரணங்கள் வயதுக்கு ஏற்ப மாறுகின்றன. இளம் வயதில் கிரோன் என்கிற குடல் அழற்சி நோய், குடல் காசநோய், கட்டிகள், பிறவியிலேயே குடலில் தங்கிவிடும் மெக்கெல் பை போன்றவை. வயதானவர்களுக்கு, குடலின் உட்சுவரில் ரத்த நாளங்கள் மெலிந்து விரிந்து ஆங்காங்கே செம்புள்ளிகளாக நிற்கும். அவை விட்டுவிட்டுக் கசியும். சிறுநீரகச் செயலிழப்புக்காக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் இது அதிகம்.

இதயத்தின் மகாதமனி வால்வு சுருங்கியவர்களுக்கும் இந்தக் கசிவு வருவதை 1958இல் எட்வர்ட் ஹைட் என்கிற அமெரிக்க மருத்துவர் கவனித்து எழுதினார். சுருங்கிய வால்வின் வழியே ரத்தம் பீறிட்டுப் பாயும்போது, ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைந்துபோகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. வால்வை மாற்றினால் பலருக்குக் குடல் கசிவும் நின்றுவிடுகிறது. இதய நோய்க்கும் மலத்தில் போகும் ரத்தத்துக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருப்பதை, தேடிப் பார்க்கும் மருத்துவரால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

வேலூரிலிருந்து ஒரு பாடம்: சிறுகுடலைப் பார்க்கும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1957இல் வில்லியம் கிராஸ்பி என்கிற அமெரிக்க ராணுவ மருத்துவர், மெல்லிய குழாயின் முனையில் கட்டிய ஓர் உலோகக் குப்பியை உருவாக்கினார். நோயாளி அதை விழுங்குவார். அது சிறுகுடலுக்குள் இறங்கிவிட்டதை எக்ஸ்-ரேயில் உறுதிசெய்துகொண்டு, குழாய் வழியே காற்றை உறிஞ்சினால், குப்பிக்குள் இருக்கும் சிறு கத்தி குடலின் உட்சவ்வில் ஒரு துணுக்கை வெட்டி எடுக்கும். அந்தக் குப்பியால் எதையும் பார்க்க முடியாது. துணுக்கை எடுத்துவர மட்டும் முடியும்.

1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் தீராத வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் கொள்ளைநோய்போலப் பரவின. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் உள்ளிட்டோர் கிராமம் கிராமமாகச் சென்று ஆராய்ந்தார்கள். அந்தக் குப்பியால் சிறுகுடல் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் சிதைந்து கிடந்தன. ‘வெப்பமண்டல ஸ்ப்ரூ’ என்கிற நோயைப் பற்றிய உலக அறிவில் பெரும்பகுதி அந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. நலமாக இருக்கும் கிராமத்து மக்களின் குடலும் மேலைநாட்டுப் பாடநூல்களில் வரையப்பட்ட குடலைப் போல் இல்லை என்பதும் அப்போது தெரியவந்தது. கண்ணில்லாத ஒரு குப்பியை வைத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவையும் தேடிக் கண்டுபிடித்த மண் இது. கேமராக்கள் குவிந்து கிடக்கும் காலத்தில் தேடாமல் இருப்பதற்கு நம்மிடம் என்ன சாக்கு இருக்கிறது?

ஏவுகணைப் பொறியாளரின் மாத்திரை: 2000க்கு முன்பு சிறுகுடல் முழுவதையும் நேரில் பார்ப்பதற்கு நம்பகமான வழி ஒன்றுதான். வயிற்றைத் திறந்து, அறுவை மருத்துவர் குடலைக் கையால் பற்றி எண்டோஸ்கோப்பின் மேல் சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுக்க வேண்டும். கசிவைத் தேடுவதற்காகவே ஒருவரின் வயிற்றைத் திறப்பது எளிய முடிவல்ல. அதனால் பலருக்குத் தேடல் அங்கேயே நின்றது.

1980களின் தொடக்கத்தில் காவ்ரியல் இத்தான் என்கிற இஸ்ரேலியப் பொறியாளர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தங்கியிருந்தார். ஏவுகணைகளுக்கான ஒளி-மின்னணுக் கருவிகளை வடிவமைப்பவர் அவர். பக்கத்தில் வசித்த எய்டன் ஸ்காபா என்கிற குடல்நோய் மருத்துவர், சிறுகுடலைப் பார்க்க வழியில்லையே என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். குழாயே இல்லாமல் கேமராவை மட்டும் உள்ளே அனுப்பினால் என்ன என்கிற யோசனை இத்தானுக்கு அப்படித்தான் பிறந்தது. ஆனால், அன்றைய கேமராக்கள் மின்சாரத்தை விழுங்கின. சிறு பேட்டரி நெடுநேரம் தாங்காது. 1990களில் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழுவினர், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் பட உணரியை உருவாக்கிய பிறகுதான் கதவு திறந்தது. அதே உணரியின் வழித்தோன்றல்தான் இன்று நம் செல்போன் கேமராக்களில் இருக்கிறது.

லண்டனில் தனியே இதே முயற்சியில் இருந்த மருத்துவர் பால் ஸ்வெய்ன், இத்தானுடன் கைகோத்தார். 1999இல் அந்தக் கேமராவைத் தானே விழுங்கிச் சோதித்தார். 2000 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 2001இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. 11 மி.மீ. குறுக்களவும் 26 மி.மீ. நீளமும் 4 கிராமுக்கும் குறைவான எடையும் கொண்ட அந்தக் காப்ஸ்யூல், விநாடிக்கு இரண்டு படங்கள் வீதம் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் 50,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, இடுப்பில் கட்டிய பதிவுக் கருவிக்கு அலைவழியே அனுப்பியது. இன்றைய காப்ஸ்யூல்கள் இன்னும் வேகமாகப் படமெடுக்கின்றன. பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்குகிறது.

நோயாளிக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. முந்தைய நாள் இரவு முதல் வெறும் வயிறு. குடலைச் சுத்தம் செய்யும் மருந்து. தண்ணீருடன் ஒரு விழுங்கல். மயக்க மருந்து கிடையாது. நடமாடலாம், சில மணி நேரத்தில் எளிய உணவு சாப்பிடலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் காப்ஸ்யூல் மலத்துடன் வெளியேறிவிடும். அதுவரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மட்டும் கூடாது.

இந்தக் கேமராவுக்குக் கண் உண்டு, கை கிடையாது. குடலின் அசைவு தள்ளிய பக்கம் அது போகும், சந்தேகமான இடத்தில் நின்று பார்க்காது, துணுக்கு எடுக்காது, கசிவை அடைக்காது. கண்டுபிடித்ததைச் சரிசெய்ய இன்னொரு கருவி வேண்டியிருந்தது.

நாடா கோக்கும் நுட்பம்: ஜப்பானின் தோச்சிகி மாகாணத்தில் இருக்கிறது ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம். கிராமப்புறங்களில் மருத்துவர் இல்லாத குறையைப் போக்குவதற்காகவே 1972இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்கே பணியாற்றிய ஹிரோனோரி யமமோட்டோ, நீளமான எண்டோஸ்கோப்பை எவ்வளவு தள்ளினாலும் சிறுகுடலில் ஏன் முன்னேற முடியவில்லை என்று யோசித்தார். பின்னாலிருந்து தள்ளும் விசை, கருவியின் முனைக்குப் போய்ச் சேர்வதில்லை. வளைந்து கிடக்கும் குடலை விரித்து இழுப்பதிலேயே வீணாகிவிடுகிறது. குடல் விரியாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அதற்கு அவர் கையாண்ட வழி, பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு உடனே புரியும். ஊக்கை முன்னே நகர்த்தி, துணியைப் பின்னால் சுருக்கி, மீண்டும் ஊக்கை நகர்த்துகிறோம் அல்லவா? எண்டோஸ்கோப்பின் முனையில் ஒரு பலூன். அதன் மேல் போர்த்திய உறைக்குழாயின் முனையில் இன்னொரு பலூன். முன் பலூனை ஊதிக் குடலைப் பற்றிக்கொண்டு, உறைக்குழாயை முன்னே நகர்த்துவார்கள். பிறகு உறைக்குழாயின் பலூனையும் ஊதி, இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார்கள். குடல் குழாயின் மேல் சுருங்கி ஏறும். அடுத்து எண்டோஸ்கோப் இன்னும் முன்னே போகும். 2 மீட்டர் நீளக் கருவி 6 மீட்டர் குடலுக்குள் பயணம் செய்வது இப்படித்தான். 2001இல் இந்த இரட்டைப் பலூன் முறையை யமமோட்டோ வெளியிட்டார். ஃபுஜினான் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் ஒலிம்பஸ் நிறுவனம் ஒற்றைப் பலூன் கருவியை அறிமுகப்படுத்தியது. முழுச் சிறுகுடலையும் பார்க்க வேண்டுமானால், ஒருநாள் வாய் வழியாகவும் இன்னொரு நாள் ஆசனவாய் வழியாகவும் செல்வதுண்டு.

பார்த்த இடத்திலேயே சிகிச்சை: இந்தக் கருவிக்குள் ஒரு சிறு வழி இருக்கிறது. அதன் ஊடாகக் கம்பி, கிளிப், ஊசி, பலூன் எதையும் அனுப்பலாம். கசியும் செம்புள்ளிகளை ஆர்கான் வாயு வழியே பாயும் மின்சூட்டால் பொசுக்கலாம். கட்டியிலிருந்து திசுத் துணுக்கு எடுக்கலாம். கிரோன் நோயால் சுருங்கிய குடலை, சுருக்கம் நீளமாக இல்லாதபட்சத்தில், பலூனால் விரிக்கலாம். உள்ளே சிக்கிக்கொண்ட காப்ஸ்யூலையே மீட்டெடுக்கலாம். இரைப்பை அறுவைச் சிகிச்சையால் குடலின் பாதை மாற்றி அமைக்கப்பட்டவர்களுக்குப் பித்தநாளக் கல்லை எடுக்கவும் இது உதவுகிறது.

இதனால் வாழ்க்கையே மாறியவர்கள் பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்கிற பரம்பரை நோய் உள்ளவர்கள். உதடுகளில் கரும்புள்ளிகளும் சிறுகுடலில் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகளும் வரும் நோய் இது. பாலிப் பெரிதானால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு அடைத்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் வயிற்றைத் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் குடல் கொஞ்சம் குறைந்தது. இப்போது பாலிப் பெரிதாகும் முன்பே பலூன் எண்டோஸ்கோப்பி வழியே அகற்றிவிட முடிகிறது.

ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். மயக்க மருந்து தேவை. 2007இல் பல நாடுகளின் 2,362 இரட்டைப் பலூன் பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வில், பரிசோதனை மட்டும் செய்தவர்களில் 0.8% பேருக்கும், சிகிச்சையும் சேர்த்துச் செய்தவர்களில் 4.3% பேருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. குடலில் ஓட்டை விழுவதும் கணைய அழற்சியும் அவற்றில் முக்கியமானவை. பொசுக்கிய செம்புள்ளிகளும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் கசிகின்றன. மோட்டாரால் சுழன்று முன்னேறும் திருகு எண்டோஸ்கோப் ஒன்று வேகமாகச் சிறுகுடலைக் கடக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. கடுமையான பாதிப்புகள் பற்றிய தகவல்கள் வந்த பிறகு 2023இல் ஒலிம்பஸ் அதைத் திரும்பப் பெற்றது. புதிய கருவி எதையும், அதில் பழகிய கைகள் இருக்கும் இடத்தில்தான் நம்ப வேண்டும்.

வலி மாத்திரையின் விலை: விழுங்கும் கேமரா வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த உண்மைகளில் நமக்கு மிகவும் வேண்டியது, வலி மாத்திரை பற்றியது. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கம் நம் ஊர்களில் சர்வசாதாரணம். ‘கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தானே போடுகிறேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது’ என்கிற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரைப்பையையும் முன்சிறுகுடலின் தொடக்கத்தையும் காக்கும். அதற்குக் கீழே அமிலம் பிரச்சினையே இல்லை. அங்கே அந்த மாத்திரையால் பயனும் இல்லை.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதங்களுக்கு மேல் வலி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களில் 71% பேரின் சிறுகுடலில் காயங்களைக் காப்ஸ்யூல் காட்டியது. எடுத்துக்கொள்ளாதவர்களில் அது 10%தான். அதே ஆண்டில் நடந்த மற்றோர் ஆய்வு, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு நாப்ராக்சன் என்கிற வலி மாத்திரையை, அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலுடன் சேர்த்தே கொடுத்தது. இரண்டே வாரங்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுகுடலில் புண்கள். இவை எல்லாமே ஆபத்தான புண்கள் அல்ல. பல தாமாகவே ஆறிவிடும். ஆனால், வயதானவர் ஒருவர் ரத்தம் உறையாமல் இருக்க இதய மாத்திரையும் எடுத்துக்கொண்டு, வலி மாத்திரையும் விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். டைக்ளோஃபினாக் போன்றவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடைமுறை எல்லாரும் அறிந்ததே. இங்கே நோயைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் செலவாகும் கேமரா தேவையே இல்லை. ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று பொறுமையாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காசநோயா, கிரோனா?: உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். நுரையீரலுக்கு வெளியே காசநோய் தாக்கும் இடங்களில் குடலும் ஒன்று. குறிப்பாக, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம். 1932இல் நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த கிரோன் நோயும் பெரும்பாலும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. வயிற்றுவலி, காய்ச்சல், எடை குறைதல், புண், சுருக்கம் என இரண்டுக்கும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. சிகிச்சையோ நேர் எதிர். காசநோயைக் கிரோன் என்று நினைத்து, நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் உடலெங்கும் பரவலாம். கிரோனைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தால், அதற்குள் குடல் சுருங்கி அறுவைச் சிகிச்சைவரை போகலாம்.

கொலோனோஸ்கோப் எட்டும் இடத்தில் புண் இருந்தால் துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம். நடுச்சிறுகுடலில் இருந்தால் பலூன் எண்டோஸ்கோப்பிதான் வழி. திசுச் சோதனையும் எல்லா வேளையிலும் தீர்ப்புச் சொல்லிவிடாது என்றாலும், ஊகத்தின் பேரில் ஆறு மாதங்களுக்கு மருந்து எழுதுவதைவிட அது மேல். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சுருங்கிய குடலில் காப்ஸ்யூல் சிக்கிக்கொள்ளும். சாதாரண ரத்தக்கசிவு நோயாளிகளில் நூற்றுக்கு ஓரிருவருக்கு நேர்வது, சுருக்கம் இருப்பவர்களிடம் இன்னும் அதிகமாக நேரும். அடைப்பின் அறிகுறி உள்ளவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் காப்ஸ்யூலை விழுங்கக் கொடுப்பது கவனக்குறைவு.

யாருக்கு வேண்டாம்?: தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை இருக்கிறது, தமிழ்நாட்டில் 53.4%. இவர்களில் பெரும்பான்மையினருக்குக் காரணம் உணவுப் பற்றாக்குறையும் மாதவிடாயும்தான். அவர்களுக்கு வேண்டியது கீரையும் மாத்திரையும் மகப்பேறு மருத்துவரின் கவனிப்பும், கேமரா அல்ல. கேமரா தேவைப்படாத இன்னொரு காரணம் கொக்கிப்புழு. ஒருவகைக் கொக்கிப்புழு ஒன்று ஒரு நாளில் 0.2 மி.லி. வரை ரத்தம் உறிஞ்சும். ஐம்பது புழுக்கள் இருந்தால் நாம் மேலே போட்ட 10 மி.லி. கணக்கு வந்துவிடும். இந்தியாவில் ரத்தக்கசிவுக்குக் காரணம் தேடி விழுங்கவைத்த காப்ஸ்யூல்களின் படங்களில் குடலில் தொங்கும் கொக்கிப்புழுக்கள் தென்பட்டதுண்டு. சில ரூபாய் விலையுள்ள அல்பெண்டசோல் மாத்திரையால் தீர வேண்டிய விஷயம் அது. தேசியக் குடற்புழு நீக்கத் திட்டம் ஒன்று முதல் 19 வயதுவரை உள்ளவர்களை மனதில் கொண்டது. வெறுங்காலோடு வயலில் இறங்கும் பெரியவர்களை யாரும் நினைப்பதில்லை.

‘வாயு’, ‘வயிறு உப்புசம்’ என்று வருபவருக்கெல்லாம் முழு உடல் பரிசோதனையின் ஒரு பகுதியாகக் காப்ஸ்யூலை விற்பதும் தவறு. வழிமுறை தெளிவாகவே இருக்கிறது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை வந்தால், குடலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முதலில் மேலும் கீழுமான இரண்டு எண்டோஸ்கோப்பிகள். அவை சரியாகச் செய்யப்படவில்லை என்கிற ஐயம் இருந்தால் இன்னொரு முறை. முதல் முறை தவறவிட்ட புண் இரண்டாம் முறை சிக்குவது அரிதல்ல. அதற்குப் பிறகும் விடை இல்லை என்றால் காப்ஸ்யூல். அது காட்டும் இடத்துக்குப் பலூன். இந்த வரிசையில் காலமும் முக்கியம். கசிவு நடந்துகொண்டிருக்கும் இரண்டு மூன்று நாள்களுக்குள் காப்ஸ்யூல் விழுங்கினால் காரணம் பிடிபடும் வாய்ப்பு அதிகம். ‘ரத்தம் ஏற்றிவிட்டோம், அடுத்த மாதம் வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டுப் பிறகு தேடினால், கசிந்த இடம் அடங்கியிருக்கும். அப்போது காப்ஸ்யூல் அறிக்கையும் ‘ஒன்றும் இல்லை’ என்றே வரும்.

அரசு செய்ய வேண்டியது: தனியார் மருத்துவமனையில் காப்ஸ்யூல் பரிசோதனைக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கருவி அது. காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சையைச் சுற்றியே அமைந்திருப்பதால், காரணம் கண்டறியும் செலவு குடும்பத்தின் தலையில் விழுகிறது. அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றக் கட்டணம் இல்லை. எனவே, ஏழை நோயாளி ரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கிறார். மீண்டும் மீண்டும் படுக்கை, ரத்த அலகுகள், இழந்த கூலி எல்லாவற்றையும் கூட்டினால், ஒரு காப்ஸ்யூலின் விலையை அது எப்போதோ தாண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் 30க்கும் மேற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அனைத்திலும் பலூன் எண்டோஸ்கோப்பி வேண்டும் என்று கேட்பது அர்த்தமற்றது. குறைவாகச் செய்யும் இடத்தில் விபத்து அதிகம். மாநிலத்துக்கு நான்கைந்து மையங்கள் போதும். காப்ஸ்யூலோ வேறு கதை. அதை மாவட்டத் தலைநகரிலேயே விழுங்கவைத்துப் பதிவை மட்டும் மையத்துக்கு அனுப்பலாம். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்க்க மருத்துவருக்கு நேரமில்லை என்கிற தடையும் தளர்ந்துவருகிறது. சீனாவில் 77 மருத்துவ மையங்களின் 6,970 நோயாளிகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், வழக்கமான வாசிப்புக்கு ஒரு நோயாளிக்குச் சராசரியாக 96.6 நிமிடங்கள் தேவைப்பட்டன. செயற்கை நுண்ணறிவு வடிகட்டித் தந்த படங்களை மட்டும் மருத்துவர் பார்த்தபோது 5.9 நிமிடங்களே ஆயின. மருத்துவரின் கண்ணுக்குத் தப்பியவையும் அதில் அகப்பட்டன. பயிற்சி பெற்ற செவிலியர்கள் முதல் வாசிப்பைச் செய்து, இறுதி முடிவை மருத்துவர் எடுக்கும் முறையும் பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, செலவே இல்லாத ஒரு விதியை அரசு கொண்டுவரலாம். இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகைக்காக ஒருவருக்கு இரண்டாம் முறை ரத்தம் ஏற்ற நேர்ந்தால், காரணம் என்ன என்பது அவருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், குடல்நோய்ப் பிரிவுக்கு அவரை அனுப்பியாக வேண்டும். இப்படி ஓர் ஆணை வந்தால், எத்தனை பேர் காரணம் தெரியாமல் ரத்தம் ஏற்றிக்கொள்கிறார்கள் என்கிற கணக்கும் நமக்குக் கிடைக்கும். எந்த மாவட்டத்துக்கு எத்தனை காப்ஸ்யூல்கள் தேவை என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்களுக்குக் காரணமில்லாமல் மூச்சுவாங்கினால், வெளிறிப்போனால், மலம் கறுத்தால், ஹீமோகுளோபின் மீண்டும் மீண்டும் இறங்கினால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் எடுத்துக் காட்டுங்கள். எண்டோஸ்கோப்பி அறிக்கை கையில் வந்தால், எதுவரை பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று கேளுங்கள். ரத்தம் ஏற்றச் சொன்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். அது உயிரைக் காக்கும். ஆனால், போன ரத்தம் எங்கே போனது என்பதற்கு விடை தெரியாமல் மருத்துவமனையை விட்டு வெளியே வராதீர்கள்.